புதன்கிழமைத் தூசி

“மண்ணுல கை வெச்சாச்சு, தண்ணியில கை வெச்சாச்சு, கடலுக்கு அடியிலயும் கை வெச்சாச்சு. மனுஷன் கை படாத இடம்னு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அது என்னோட அடுக்கு. நான் இருக்கிற வரைக்கும் அங்க எவன் கையும் படாது.”

அலுவலகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் இப்படிச் சொன்னார். சொன்னதோடு மைக்கைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அது ஒரு பேச்சாகப் போயிருக்கும். கொடுக்கவில்லை. அந்த அடுக்கின் பெருமைகளை மேலும் விரித்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் விரித்துக்கொண்டிருந்தார்.

அடுக்கு என்றால் மேகக் கூட்டமோ ஓசோனோ இல்லை. தரையிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் மேலே, விமானம் ஏறவும் முடியாத, செயற்கைக்கோள் தங்கவும் முடியாத ஓர் இடம். எரிகற்களும் விண்வெளித் தூசியும் பூமிக்குள் பாய்ந்து காற்றில் உரசி எரிவது அங்கேதான். எரிந்தபின் மிஞ்சுவது உலோக அணுக்கள்: சோடியம், மெக்னீசியம், இரும்பு, பெயருக்குக் கொஞ்சம் லித்தியம். வெயில் பட்டால் ஒவ்வோர் உலோகமும் தனக்கென்று ஒரு நிறத்தில் மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்து, எந்த உயரத்தில் எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்வதற்கென்றே ஒரு செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டிருந்தது. அது அனுப்புவதைப் பிரித்துப் படிக்கும் மூன்றாம் மாடி அறைக்கு இவர் பொறுப்பு. முகத்துக்கு நேரே ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘சோடியம்’. சோடியம் தண்ணீர் பட்டால் சீறும் என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். இவர் மனிதர்கள் பட்டால் சீறுவார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தார். செய்துவைத்த கையோடு அவள் வீட்டு மாடியில் குடியேறினார். மாப்பிள்ளையை அவரே தேர்ந்தெடுத்தார். அதே அலுவலகத்தில், ஒரு மாடி கீழே, கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஆயுள் முடிந்த செயற்கைக்கோள்களைப் பத்திரமாகக் கீழே இறக்கி எரிய விடுவது அவர் பொறுப்பு. அதனால் அவருக்கு ‘இறக்கி’ என்று பெயர். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான். ஒருவர் மேலே நடப்பதைப் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். பேசுபவர் எப்போதும் சோடியம்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இறக்கி என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் கேட்டதே இல்லை. குப்பையை அள்ளிக் கொட்டும் வேலையில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஒருநாள் சோடியத்தின் திரையில் லித்தியம் எழுந்து நின்றது.

வழக்கமாக லித்தியம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். மற்ற உலோகங்கள் கூட்டமாக வரும்போது இது வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ரகம். அன்றைக்கு நடுக்கடலுக்கு மேலே, கப்பல்கூடப் போகாத ஒரு பகுதியில், மேடு மாதிரி உயர்ந்திருந்தது. கருவிக் கோளாறாக இருக்கும் என்று சரிபார்த்தார். கருவி நன்றாகத்தான் இருந்தது. சில வாரம் கழித்து இன்னொரு மேடு, அதே கடலுக்கு மேலே. பிறகு இன்னொன்று. அதற்குப்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காத சோற்றை இறக்கிதான் சாப்பிட்டுத் தீர்த்தார்.

பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றிவரும், லித்தியம் நிறைந்த ஒரு தூசித் திரளைக் கண்டுபிடித்துவிட்டதாக சோடியம் அறிவித்தார். திரள் முத்துமாலை மாதிரி. ஒவ்வொரு முத்தும் வரும்போது ஒரு மேடு. அது ஏன் கடலுக்கு மேலே மட்டும் வருகிறது என்று ஒருவர் கேட்டார். காந்தப்புலம் என்றார். காந்தப்புலம் என்று சொல்லிவிட்டால் அந்தத் துறையில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. தங்களுக்கும் என்றாவது தேவைப்படும் என்று விட்டுவிடுவார்கள்.

தூசித் திரளுக்கு அவர் பெயரையே வைப்பதாகப் பேச்சு வந்தது. அதை முடிவு செய்ய வெளிநாட்டு நிபுணர்களின் குழு ஒன்று கூடவிருந்தது. பெயரோடு போகும் விஷயமும் இல்லை அது. செயற்கைக்கோளுக்கு வயதாகிவிட்டது, எரிபொருள் தீரும் நிலை, அதை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா, இறக்குவதா என்று மேலிடத்தில் இழுபறி. புதுத் திரள் ஒன்று இருக்கிறது என்று குழு ஒப்புக்கொண்டால், அதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிச் செயற்கைக்கோளைக் காப்பாற்றிவிடலாம். இல்லையென்றால் அதுவும் குப்பை. சோடியத்துக்குப் பிள்ளை, குட்டி எல்லாமே அந்தச் செயற்கைக்கோள்தான். கழுத்து வலி என்று அவர் லீவு போட்டதில்லை. அதன் கண்ணாடியில் கறை படிந்ததற்கு லீவு போட்டிருக்கிறார்.

அந்த மூன்றாம் மாடி அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே தேதி கிடையாது, கிழமை கிடையாது. செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்றினால் ஒரு சுற்று. எல்லாம் சுற்று எண்ணில்தான். எந்த மேடு எப்போது வந்தது என்று கேட்டால் சுற்று எண்ணைச் சொல்வார்கள். லீவு விண்ணப்பத்தில் சுற்று எண்ணை எழுதிக் கொடுத்துச் சம்பளப் பிரிவைத் திணறடித்த பெருமை சோடியத்துக்கு உண்டு. வெளியில் இருப்பவர்கள் திங்கள், செவ்வாய் என்று அல்லாடிக்கொண்டிருக்க, அந்த அறை மட்டும் காலத்துக்கு அப்பால் இருந்தது. அதில் அவருக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அடுத்த முத்து எந்தச் சுற்றில் வரும் என்று அவர் கணக்குப் போட்டார். போட்டதோடு நிற்காமல், நேரில் பார்க்க வரச்சொல்லி நிலையத் தலைவரிலிருந்து கணக்குப் பிரிவு வரை அழைப்பு வைத்தார். அறையில் நாற்காலி போதவில்லை. திரையில் கோடு ஊர்ந்தது. கடல் வந்தது. கடல் போனது. லித்தியம் வழக்கம்போல் வாசலிலேயே நின்றுவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் செருப்பைக் கவனமாகப் பார்த்தார்கள். நிலையத் தலைவர் அவர் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் சோடியம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை பரிமாறிக்கொண்டே அண்ணனையும் புருஷனையும் மாறிமாறிப் பார்த்தாள். இறக்கியால் தாங்க முடியவில்லை. நல்ல மனிதர்.

“விடுங்க மச்சான். அடுத்த புதன்கிழமை கண்டிப்பா வந்துடும்.”

சோடியத்துக்கு மனசு லேசானது. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார். கை கழுவினார். மாடிப்படியில் ஏறும்போதுதான் கால் நின்றது. புதன்கிழமையா?

மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எத்தனையோ ஆண்டுகளாகச் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். சுற்று எண்களைக் கிழமைகளாக மாற்றினார். முதல் மேடு, புதன்கிழமை. இரண்டாவது, புதன்கிழமை. அடுத்ததும் புதன்கிழமை. சூரியனைச் சுற்றும் தூசி வாரத்தின் நடுநாளைப் பார்த்து, அதுவும் அலுவலக நேரத்தில் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறைகூட வேலை செய்யவில்லை. ஒரே ஒரு மேடு மட்டும் வியாழக்கிழமை. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விட்டார். அப்புறம் ஞாபகம் வந்தது: அந்த வாரம் புதன்கிழமை இரண்டாம் மாடிக்குப் பெயிண்ட் அடித்தார்கள்.

இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனார். அதற்குமுன் அவர் அங்கே போனதில்லை. நீளமான அறை, சுவர் முழுக்கத் திரைகள், யாரோ மறந்துவிட்டுப்போன குடை. இறக்கி எழுந்து நின்றார்.

அங்கே நடக்கும் வேலையை சோடியத்திடம் முதன்முதலாக விளக்கினார்கள். இறக்கும் வாரம் என்றால் திங்கட்கிழமை கூடிப் பேசுவார்கள். செவ்வாய்க்கிழமை கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எச்சரிக்கை போகும். புதன்கிழமை இறக்குவார்கள். வியாழக்கிழமை அறிக்கை எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போவார்கள். ஒரு தனியார் நிறுவனத்தின் பழைய செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாக இறக்க ஒப்பந்தம் எடுத்திருந்தார்கள். யார் தலையிலும் விழாமல் இருக்க அந்த ஆளில்லாக் கடல்தான் வசதி. நேற்று இறக்க வேண்டியது ஒரு வால்வு சிக்கிக்கொண்டதால் தள்ளிப்போயிருந்தது.

“உள்ளே என்ன இருக்கும்?” என்று சோடியம் கேட்டார்.

“அலுமினியக் கூடு. அப்புறம் பேட்டரி.”

“என்ன பேட்டரி?”

இறக்கி குடையைப் பார்த்தார். “எல்லார் போன்லயும் இருக்கிற பேட்டரிதான் மச்சான்.”

லித்தியம். ஊரில் காய்கறி விற்பவர் பையிலும் இருக்கும் லித்தியம். அறிக்கையில் எப்போதும் ஒரே வாக்கியம்: ‘முற்றிலும் எரிந்துவிட்டது; எதுவும் மிஞ்சவில்லை.’ எரிந்தபின் என்ன மிஞ்சும் என்று அளப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவரின் கால்களுக்குக் கீழே, ஒரே ஒரு மாடி தாழ, ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள்.

“தினமும் என்கூட உட்கார்ந்து சாப்பிட்ட. முத்துமாலைன்னு சொன்னேன், தலையாட்டின. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க கேட்கவே இல்லையே மச்சான். எச்சரிக்கை எல்லா ரூமுக்கும் போகும். குப்பை விவரமெல்லாம் எனக்கு அனுப்பாதீங்கன்னு உங்க ரூம்தான் எழுதிக் கொடுத்துச்சு.”

அது உண்மைதான். எழுதிக் கொடுத்தது அவர்தான். வார்த்தை தேர்ந்து, கொஞ்சம் கிண்டலாகவே எழுதியிருந்தார். அதைக் கட்டுப்பாட்டு அறையில் பலகையில் ஒட்டிவைத்துச் சிரித்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: இரண்டாம் மாடி முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. டீக்காரருக்கும் தெரிந்திருந்தது. புதன்கிழமை வந்தால் ‘இன்னிக்கு சாருக்கு முத்து விழும்’ என்று சொல்லிக்கொண்டே டீ கொடுப்பாராம்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் கேட்டார். அவளாவது தெரியாது என்று சொல்வாள் என்று நினைத்தார்.

“தெரியும்ணா.”

“தெரிஞ்சுமா?”

“இந்த மேசையில உக்காந்து நீ என்னிக்காவது வாயைத் திறந்து பேசியிருக்கியா? தட்டைப் பார்ப்ப, கையைக் கழுவுவ, மேல போயிடுவ. அந்த லித்தியம் வந்தப்புறம்தான் பேச ஆரம்பிச்ச. சிரிக்கக்கூடச் செஞ்ச. நானே போய் அதை எப்படிக் கெடுக்கிறது?”

அவரைப் பார்த்துச் சிரித்ததோடு நின்றிருந்தால் சீறியிருப்பார். அதற்கு அவரிடம் சரக்கு இருந்தது. பாவம் பார்த்து ஏமாற்றியிருக்கிறார்கள். அதற்கு என்ன செய்வது என்று எந்தக் கருவியும் சொல்லித்தரவில்லை. மாடிக்குப் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து இறக்கியை ‘மாப்ள’ என்று கூப்பிடவில்லை. ‘சார்’ என்றார். சொந்தத் தங்கை புருஷனை வீட்டுக்குள் ‘சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா’ என்று கேட்பதைவிடக் கொடிய வசை தமிழில் கிடையாது. இறக்கி அதைக் கேட்கும்போதெல்லாம் பத்து வயது கூடியவர்போல் தெரிந்தார்.

கடைசி நம்பிக்கையாக சோடியம் நிலையத் தலைவரிடம் போனார். அவருடைய அறையில் கம்பளம் விரித்திருக்கும். கெட்ட செய்திகள்கூடச் சத்தமில்லாமல் உள்ளே வந்து சத்தமில்லாமல் வெளியே போகும். சோடியம் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். அதிர்ச்சி அடைவார் என்று சோடியம் காத்திருந்தார். அவர் அடையவில்லை.

“எனக்குத் தெரியாமலா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டேன்?” என்றார் தலைவர். “குழு ஒப்புக்கிச்சுன்னா உங்க செயற்கைக்கோளுக்கு உயிர் நீளும். உங்க பேரும் நிலைக்கும். நீங்க பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தா போதும்.”

“தூசின்னு ஒண்ணே இல்லையே சார்.”

“இல்லைன்னு யாருக்குத் தெரியும்? டீக்காரரையா கூப்பிட்டுக் கேட்கப் போறாங்க?”

இதில் தலைவரையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. அவர் எல்லோருக்கும் நல்லது செய்ய நினைத்தார். ஒரு செயற்கைக்கோள் பிழைக்கும், ஒரு பிரிவு பிழைக்கும், ஒரு மனிதருக்குப் பெயர் கிடைக்கும். பூமிக்கு இல்லாத தூசித் திரள் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். அதனால் பூமிக்கு என்ன நஷ்டம்? இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் எந்த அலுவலகமும் ஓடாது.

குழு கூடும் வரை சோடியம் சும்மாதான் இருந்தார். தலைவருக்கு நிம்மதி. வழக்கம்போல் வேலைக்கு வந்தார். வழக்கம்போல் திரையைப் பார்த்தார். புதன்கிழமை வந்தது, வால்வைச் சரிசெய்து இறக்கினார்கள், இறக்கி வாக்குக் கொடுத்தபடியே லித்தியம் கடலுக்கு மேலே எழுந்து நின்றது. அதுவரை வந்த மேடுகளில் இதுதான் அழகானது. ஒரு வாரம் முன்னால் என்றால் எழுந்து நடனமாடியிருப்பார். இப்போது தன் செயற்கைக்கோளும் தன்னிடம் பொய் சொல்லிவிட்டதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பாவம், உள்ளதைத்தான் சொன்னது. அந்த லித்தியம் யாருடையது என்று அதனிடமும் அவர் கேட்கவில்லை.

குழு திரையில் வந்தது. பல நாட்டு நிபுணர்கள், பல நாட்டுச் சுவர்கள். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முத்துமாலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சோடியம் தண்ணீர் குடித்தார்.

“அது வானத்துலேர்ந்து வரல,” என்றார். “எங்க ஆபீஸ் ரெண்டாம் மாடியிலேர்ந்து வருது.”

பிறகு புதன்கிழமைகளை வரிசையாகச் சொன்னார். பெயிண்ட் அடித்த வாரத்தையும் விடவில்லை.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதில் அலுவலகத்தில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. நேர்மை என்று சிலர் சொல்வார்கள். வயிற்றெரிச்சல் என்று பலர் சொல்வார்கள்: தன்னை ஏமாற்றிய எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் மாட்டிவிட்டாராம். மாட்டிக்கொண்டவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் இரண்டாம் கட்சி கொஞ்சம் பலவீனம். தலைவருக்கு அடுத்த பதவி கிடைத்தது. ஒப்பந்தம் தொடர்ந்தது. தண்டனை ஒன்றுக்குத்தான்: புதுத் திரள் இல்லை என்று ஆனதால், செயற்கைக்கோளைத் தொடர்ந்து ஓட்டக் காரணம் இல்லை என்று முடிவு வந்தது. இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

இறக்குவது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

இறக்கி மாடி ஏறி வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார். வேறு யாரையாவது செய்யச் சொல்லிப் பார்த்ததாகவும், ஆள் இல்லை என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். எந்தச் செயற்கைக்கோளை இறக்கினாலும் கடைசிக் கட்டளையை அதைப் பயன்படுத்திய பிரிவின் தலைமை கொடுக்கலாம் என்று ஒரு மரியாதை உண்டாம். யாரும் வருவதில்லையாம், சோடியமும் வர வேண்டிய கட்டாயம் இல்லை என்றார்.

“வரேன் சார்,” என்றார் சோடியம். பிறகு, நாற்காலியைத் திருப்பாமலே ஒரு விஷயம் கேட்டார். வழக்கமான கடல் வேண்டாம். வெளிநாட்டுக்காரர்களின் புதுச் செயற்கைக்கோள் ஒன்றும் உலோக அணுக்களைத்தான் பார்க்கிறது. அது பகலில் பார்த்துக்கொண்டு போகும் பாதைக்குக் கீழே, அதேபோல் ஆளில்லாத கடல் ஒன்று இருக்கிறது. அங்கே இறக்க முடியுமா?

இறக்கி கணக்குப் போட்டுப் பார்த்தார். முடியும், கஷ்டம் என்றார். கஷ்டத்தைச் செய்தார்.

இறக்கும் நாளன்று சோடியம் இரண்டாம் மாடிக்கு வந்தார். பலகையில் ஒட்டியிருந்ததை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. சோடியத்துக்கு நடு நாற்காலியைக் கொடுத்தார்கள். எந்தப் பொத்தான் என்று இறக்கி காட்டினார். சோடியம் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றும் என்றார்கள். அவர் ஒரு மரியாதைக்குக்கூட உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

வெளிநாட்டுக்காரர்கள் கேட்டபடியே அளவுகளை அனுப்பிவைத்தார்கள். லித்தியம், அலுமினியம், கொஞ்சம் செம்பு. தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தில் தெளிவாக எழுந்து நின்றன. சோடியம் அணுக்களைக் கூட்டிப் பார்த்தார். ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கீழ் மாடிக்குப் போன் போட்டார்.

“சார், பேட்டரி என்ன எடை?”

இறக்கி சொன்னார். “கணக்கு ஒத்துப்போகுதா மச்சான்?” என்றும் கேட்டார்.

“போகுது சார்.”

போனை வைத்தார். அளவுகளை எல்லோரும் எடுத்துப் பார்க்கும் பொதுப் பட்டியலில் ஏற்றும்போது, ஒவ்வொரு மேட்டுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும். ‘செயற்கைக்கோள்’ என்று குறித்தார். அதற்குக் கீழே, கட்டளை கொடுத்தவர் யார் என்று கேட்கும் ஓர் இடம் இருந்தது; யாரும் நிரப்பாமல் விடும் இடம். அதில் தன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதினார்.